பதினான்கு ஒழுக்கு

"சட்டி எல்லாத்தையும் எடு எண்டு சொல்றன்! ஆரைக் கேட்டு என்ட வீட்டு ஒழுக்கை ஊருக்குக் காட்டுறாய்?" என்று கத்தினாள் தங்கேஸ்வரி.

"அன்ரி, இப்ப அது ஒழுக்கு இல்ல. படைப்பு," என்றான் மதுஷன்.

"அம்மா, நான்தான் கையெழுத்து வைச்சுக் குடுத்தன். நாளைக்குத் திறப்பு. கத்தாதீங்க, றோட்டுக்குக் கேக்குது," என்றாள் கஜானி.

றோட்டுக்கு நன்றாகவே கேட்டது. குடைகளோடு மூன்று பேர் ஏற்கெனவே நின்றுவிட்டார்கள்.

புளியந்தீவில் வாவியைப் பார்த்து நூறு வருடத்துக்கு மேலாக நிற்கிற ஓட்டு வீடு அது. நகரத்துப் பழைய கட்டிடங்களில் புதுக் கலை காட்டுகிறோம் என்று வந்தவர்கள் தெரிவு செய்த ஐந்தில் ஒன்று. மற்ற நான்கிலும் ஓவியம், வீடியோ என்று ஏதோ இருந்தது. இங்கே வந்த கலைஞன் மதுஷனுக்கு மார்கழி மழையே போதுமாகிவிட்டது. கூடத்தில் பதினான்கு இடத்தில் ஒழுகியது. ஒவ்வொன்றின் கீழும் ஒரு பித்தளைச் சட்டியை வைத்து, ‘மாரி’ என்று பெயரும் எழுதி ஒட்டிவிட்டான்.

தங்கேஸ்வரிக்குக் கலையோடு கோபமில்லை. மகள் கஜானிக்கு மண்டூரில் மாப்பிள்ளை பேசியிருந்தது. அந்த வீடுதான் சீதனம். மாப்பிள்ளை வந்து இருக்கப்போவதும் அதில்தான். அவனுடைய தாய் நேசம்மா மூன்று முறை வீடு பார்க்க வந்திருந்தாள், மூன்று முறையும் சித்திரைக்கும் ஆடிக்கும் இடையில். ஐப்பசி பிறந்தால் தங்கேஸ்வரிக்குக் காய்ச்சல், இருமல் என்று ஏதாவது ஒரு வருத்தம் வந்துவிடும், ஆட்களை வரச்சொல்ல ஏலாது. இந்த வருத்தத்தின் காரணம் தெரு முழுக்கத் தெரியும். மண்டூருக்கு மட்டும் தெரியாது.

இப்போது நேசம்மா தானாகவே போன் எடுத்து, நாளைக்குக் கண்காட்சி பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தாள்.

"ஒழுகுது எண்டு சொன்னாத்தான் என்னம்மா?"

"சொல்லு. மறுகா அந்தச் சட்டியளோடயே குடும்பம் நடத்து."

மாப்பிள்ளை உதயரூபனோடு ஆறு மாதமாகப் போனில் கதைத்துக்கொண்டிருந்த கஜானி அந்தக் கதையை அதோடு விட்டுவிட்டாள்.

பின்னேரமே தங்கேஸ்வரி ஒரு லொறிக்காரரிடம் ஓட்டு நிறத்துத் தார்ப்பாய்ப் படங்கு இரவல் வாங்கி, இரண்டு ஆட்களை ஏற்றி, ஓட்டுக்கு மேல் இழுத்துக் கட்டுவித்தாள். மதுஷன் தேத்தண்ணி குடிக்கப் போயிருந்தான்.

விடிந்தபோது மழை கொட்டியது. பதினான்கு சட்டியிலும் ஒரு சொட்டு இல்லை. மதுஷனுக்கு அழுகையே வந்துவிட்டது. பிளாஸ்டிக் போத்தல்களை ஊசியால் குத்தி உத்தரங்களில் தொங்கவிட்டு, ஏணியில் ஏறி ஒவ்வொன்றாகத் தண்ணீர் ஊற்றத் தொடங்கினான்.

நேசம்மா மகனோடு குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வந்தது அந்த நேரத்தில்தான்.

"என்ன மனே, மேல நிண்டு என்ன செய்றாய்?"

"ஒழுகப் பண்றன் அன்ரி. கூரை ஒழுகுதில்ல," என்றான் மதுஷன், உள்ளது உள்ளபடி.

நேசம்மா அண்ணாந்து பார்த்தாள். கூரையில் மழை இரைந்தது. பிறகு மகன் பக்கம் திரும்பினாள். "பாத்தியா? இந்த மழைக்கும் ஒழுகாத வீடு. ஏணி வைச்செல்லோ ஒழுகப் பண்றாங்க!"

தங்கேஸ்வரி கஜானியைப் பார்த்தாள். கஜானி சட்டிகளைப் பார்த்தாள்.

தையில் கல்யாணம் முடிந்தது. வீடு கஜானி பெயருக்கு மாறியது, உதயரூபன் பெட்டியோடு வந்து குடியேறினான். மதுஷன் கொழும்புக்குப் போய்விட்டான். இரவல் படங்கு எப்போதோ லொறிக்குத் திரும்பியிருந்தது. புரட்டாசி கடைசியில், மழைக்குச் சரியாக ஒரு கிழமை முன்பு, தங்கேஸ்வரி வாழைச்சேனையில் தங்கச்சியின் தகரக் கூரை வீட்டுக்கு இருக்கப் போய்விட்டாள்.

கார்த்திகையில் மருமகளைப் பார்க்க வந்த நேசம்மா கூடத்தில் பதினேழு சட்டியைக் கண்டாள்.

"இந்த முறை மூண்டு கூட வைச்சிருக்கான்," என்றாளாம். "போத்தல்தான் கண்ணுக்குத் தெரியுதில்ல. ஏணிப் பொடியன் நல்லா முன்னேறிட்டான்."