பஸ்ஸில் ஏறாத சர்க்கரை

"காப்பியிலகூட சர்க்கரை போடறதில்லைங்க. அப்புறம் ஒண்ணுக்குல எப்படிங்க வரும்?" ஓசூர் ஆஸ்பத்திரியில் என் வீட்டுக்காரர் சிவராஜ் டாக்டரம்மாவிடமே சண்டைக்கு நின்றார்.

"சோறு, களி எது தின்னாலும் ரத்தத்துல சர்க்கரை சேரும். கிட்னி ரத்தத்தை வடிகட்டும்போது அந்தச் சர்க்கரையைத் திரும்ப உடம்புக்கே ஏத்தி அனுப்பிடும். ஆனா ஓரளவுக்குத்தான் ஏத்த முடியும். உங்களுக்கு அதுக்கும் மேல இருக்கு. மிஞ்சினது யூரின்ல போயிடுது" என்றார் அந்த அம்மா.

இவர் கோபம் தணிந்து என்னைப் பார்த்தார். "நம்ம கம்பெனி பஸ் மாதிரி."

எனக்குச் சிரிப்பு வந்தது. கல்யாணத்துக்கு முன்னால் நாங்கள் ஒரே கம்பெனியில் வேலை பார்த்தோம். நாங்கள் ஏறும் ராயக்கோட்டைக்கு வரும்போதே கம்பெனி பஸ் நிறைந்திருக்கும். ஒருநாள் ஏற இடமில்லாமல் ஸ்டாப்பிலேயே நின்றுவிட்டது நாங்கள் இருவர் மட்டும். அதுவரை பேசியிராத மனுஷன், தக்காளி மண்டிக்கு எதிரே டீ வாங்கிக் கொடுத்தார். பாயசம் மாதிரி இனித்தது. டீக்காரனைத் திட்டிக்கொண்டே முழுதும் குடித்தேன்.

"அன்னிக்கு பஸ்ல எடம் இருந்திருந்தா உங்ககிட்ட மாட்டியிருக்க மாட்டேன்" என்றேன், ஆஸ்பத்திரி வாசலில்.

"நான் ஏறிட்டேன், ராஜாத்தி. நீ நிக்கறதைப் பாத்துட்டுத்தான் எறங்கினேன்."