அளக்காமல் போட்ட டிக்

சிவப்பு விளக்கு விழுந்ததும் செவிலியர் ஒருத்தி தன் காரின் பிரேக்கை மிதித்தாள். குளிர்காய்ச்சல் வந்ததுபோல் ஸ்டியரிங் அவள் கையில் கிடந்து உதறியது. பின் இருக்கையில் படுத்திருந்த தங்கை வயிற்றைப் பிடித்துக்கொண்டு முனகினாள். வயிற்றில் அறுவை சிகிச்சை முடிந்து நான்காம் நாள். அக்கா அவளை வீட்டுக்கு அழைத்துப் போய்க்கொண்டிருந்தாள்.

"மெதுவாக்கா! ஒவ்வொரு பிரேக்குக்கும் தையல் பிரியற மாதிரி இருக்கு."

"மெதுவாத்தான்டி மிதிக்கிறேன். வண்டிதான் ஆடுது."

இந்த நடுக்கத்துக்காக அவள் ஏற்கெனவே இரண்டு முறை சர்வீஸ் சென்டர் படியேறிவிட்டாள். இரண்டு முறையும் முன்சக்கரங்களோடு சேர்ந்து சுழலும் பிரேக் தட்டுகளை, அதாவது டிஸ்க்குகளை, மாற்றிக் கொடுத்தார்கள். இரண்டு மாதம் வண்டி சமர்த்தாக ஓடும். பிறகு மறுபடி ஆட்டம் தொடங்கிவிடும்.

போன முறை, எப்போதும் பல்லைக் காட்டிக்கொண்டே பேசும் அங்கத்திய சூப்பர்வைசர் சொன்னான்: "மேடம், நீங்க பிரேக் மேலயே காலை வச்சுட்டு ஓட்டுறீங்க, அதான் டிஸ்க் கெட்டுப்போகுது. லேடீஸ் நிறையப் பேருக்கு இந்தப் பழக்கம் உண்டு. அடுத்த தடவை சாரை வரச் சொல்லுங்க, விளக்கமா சொல்றேன்."

அதை அவள் பாதி நம்பியும் விட்டாள். எத்தனையோ நாள் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, தன் காலையே சந்தேகப்பட்டுக்கொண்டு ஓட்டினாள்; அப்படியும் ஆட்டம் நிற்கவில்லை. இப்போது நினைத்தால் உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

தங்கையைக் கட்டிலில் படுக்க வைத்துவிட்டு, வண்டியை நேராக சர்வீஸ் சென்டருக்கு விட்டாள். பழைய இரண்டு சர்வீஸ் தாள்களையும் சூப்பர்வைசர் மேசைமேல் விரித்தாள். 'டிஸ்க் ஆட்டம் அளக்கப்பட்டது' என்ற வரிக்கு நேரே இரண்டிலும் அழகாக ஒரு டிக்.

"அளந்தப்ப எவ்வளவு இருந்துச்சு?"

"அதெல்லாம் டெக்னிக்கல் மேடம், உங்களுக்குப் புரியாது."

"தினம் நாற்பது பேருக்கு பிரஷர் பார்த்து எழுதறவ நான். நம்பர் எனக்குப் புரியும். சொல்லுங்க."

சிரிப்பு சற்று சுருங்கியது. அவன் வேறொரு ஃபைலைப் புரட்டத் தொடங்கினான். 'வாடிக்கையாளர்களுக்கு அனுமதி இல்லை' என்ற பலகையைத் தாண்டி அவள் விறுவிறுவென்று பட்டறைக்குள் போனாள். சூப்பர்வைசர் பின்னாலேயே ஓடிவந்தான்.

லிஃப்டில் தூக்கிய ஒரு காரின் அடியில் நின்ற மெக்கானிக்கிடம் தாள்களை நீட்டினாள். "இது உங்க கையெழுத்தா?"

"ஆமாம்மா."

"அளந்தீங்களா?"

சூப்பர்வைசர் கண்ணாலேயே மிரட்டினான். மெக்கானிக் தலையைக் குனிந்துகொண்டான். "அளக்கலம்மா. அளக்கிற மீட்டரோட கவரைக்கூட இங்க யாரும் பிரிச்சதில்ல. ஒரு நாளைக்குப் பதினாலு வண்டி. எங்கம்மா நேரம்?"

"எங்க வார்டுலயும்தான் ஆள் பத்தாது. அதுக்காகத் தெர்மாமீட்டரே வைக்காம காய்ச்சல் இல்லன்னு எழுதினா என்னைச் சும்மா விடுவீங்களா? வயித்துல தையலோட என் தங்கச்சி அந்த வண்டியில துடிச்சுக்கிட்டு வந்தா. பழியை மட்டும் என் கால் மேல போட்டீங்க!"

பட்டறையில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டான். "வண்டியை உள்ள கொண்டாங்கம்மா."

கவரைக் கிழித்து மீட்டரை எடுத்தான். சக்கரத்தைக் கழற்றி, மீட்டரின் முனையை டிஸ்க்கில் தொட வைத்து, டிஸ்க்கை மெல்லச் சுற்றினான். ஐந்து கோட்டுக்குள் நிற்க வேண்டிய முள் பதினான்கைத் தொட்டது. டிஸ்க்கைக் கழற்றினான். அது உட்காரும் சக்கர நடுப்பாகமான ஹப்பின் முகத்தில் துரு பொருக்குப் பொருக்காக ஏறியிருந்தது.

"இதோ இருக்கும்மா வினை. துரு மேல மாட்டினா புது டிஸ்க்கும் கோணலாத்தான் உட்காரும். ஓட ஓட ஒரு பக்கம் தேஞ்சு, மறுபடி ஆட ஆரம்பிச்சுடும். உங்க கால்மேல தப்பே இல்ல."

இரண்டு பக்கமும் உலோகம் பளிச்சென்று தெரியும்வரை துருவைத் தேய்த்து எடுத்தான். புது டிஸ்க்குகளை மாட்டி மறுபடி அளந்தான். முள் மூன்றைத் தாண்டவில்லை. வழக்கம்போல் மெஷினால் சடசடவென்று முடுக்காமல், டிஸ்க் கோணாதபடி சக்கர நட்டுகளை எதிரெதிராக, கையால், ஒரே அளவில் முடுக்கினான்.

அவனைப் பக்கத்தில் உட்காரவைத்து அவளே ஓட்டிப் பார்த்தாள். இறக்கத்தில் வேகமாக வந்து பிரேக்கை மிதித்தாள். வண்டி சத்தமில்லாமல் நின்றது. ஸ்டியரிங் அசையவே இல்லை.

திரும்பி வந்ததும் சூப்பர்வைசர் பழைய சிரிப்போடு ஒரு படிவத்தை நீட்டினான். "நல்லபடியா முடிஞ்சுதே மேடம். திருப்தின்னு ஒரு கையெழுத்து..."

அவள் பேனாவைத் தொடவில்லை. மெக்கானிக் குறுக்கே வந்தான். "சார், லிஃப்ட்ல இருக்கிற வண்டிக்கும் அளக்காமத்தான் டிக் போட்டிருக்கேன். அதை வெளிய விடாதீங்க. அளந்துட்டுத்தான் அனுப்புவேன்."

"டெலிவரி நேரம் ஆச்சுடா! கஸ்டமர் காத்துக்கிட்டிருக்கார்."

"காத்திருக்கட்டும் சார்" என்றாள் செவிலியர். "செய்யாத வேலைக்குப் போடுற டிக் சின்னப் பொய் இல்ல. அதை நம்பித்தான் ஒவ்வொருத்தரும் பெண்டாட்டி பிள்ளைகளை ஏத்திக்கிட்டு ரோட்டுக்கு வராங்க."