மூன்றாம் வகுப்பில் ஒரு ஜன்னலோரம்

சக்கரத்தைக் கண்டுபிடித்த பிறகு மனிதகுலம் செய்த அடுத்த பெரிய காரியம், 1992ஆம் வருஷம் தை மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் தாம்பரம் ரயில் நிலையத்தில் நடந்தேறியது. சந்தேகப்படுகிறவர்கள் பழம்பெரும் ரயில் பெட்டிகள் மீட்புச் சங்கத்தின் அழைப்பிதழைப் பார்க்கலாம். அப்படித்தான் அச்சிட்டிருந்தது. எழுதியவர் சங்கத் தலைவர் ஸ்ரீநிவாசராகவன்.

காரியம் வேறொன்றுமில்லை. யார்டு மூலையில் எருக்கஞ்செடிகளுக்கு நடுவே கிடந்த ஒரு மூன்றாம் வகுப்பு மரப்பெட்டியைச் சங்கத்தார் மூன்று வருஷமாகச் சுரண்டி, இழைத்து, வார்னிஷ் பூசி எழுப்பியிருந்தார்கள். தலைவர் ஓய்வுபெற்ற தணிக்கை அதிகாரி. ஸ்க்ரூ டிரைவரைக் கையால் தொட்டதில்லை. ஆனால் திருகாணியெல்லாம் அசல் பித்தளைதானா என்று காந்தம் வைத்துப் பார்க்கத் தவறியதில்லை.

தேக்கு கொடுத்தவர் ராஜகோபால். கீழ்க்கட்டளையில் நிலத்தை மனை போட்டு விற்று மரவாடி வைத்தவர். கொடுத்ததோடு நில்லாமல், இருக்கைச் சட்டங்களைத் தானே அறுத்துப் பொருத்தினார். பொருத்தியதைப் பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னார். பார்க்காதவர்களிடம் இரண்டு முறை சொன்னார். அவருக்கு இதில் ஒரு சொந்த நோக்கம் இருந்தது. கல்யாணமான மறுநாள் விழுப்புரத்திலிருந்து மனைவி சாமுண்டீஸ்வரியை இப்படியொரு பெட்டியில்தான் அழைத்து வந்தார். உட்கார இடமில்லை. வழிநெடுக அவள் பட்டுப்புடவையோடு, யாரோ ஒருவருடைய பானை மூட்டையில் சாய்ந்தபடி நின்றே வந்தாள். வாழ்க்கையில் ஒரு தடவையாவது அவளை ஜன்னலோரம் உட்கார வைத்துவிட வேண்டும் என்பது அவர் திட்டம்.

தலைவர் வாங்கி வந்தது சிவப்பு வெல்வெட் கயிறு.

"இன்னா சார் இது?"

"ஒவ்வொரு சீட்டுக்கும் குறுக்கே கட்டணும். யாரும் ஒக்காரப்படாது. இது ஹெரிடேஜ்."

"சீட்டு உக்காரத்தான சார் கீது?"

"பார்க்கறதுக்கு, ராஜகோபால். தஞ்சாவூர்ல கோபுரத்து மேலே ஏறியா ஒக்கார்றோம்?"

"கோபுரத்துக்கு எவன் சார் டிக்கெட் வாங்கறான்?"

கமிட்டி கூடியது, கயிறு வென்றது. பெட்டியைச் செங்கல்பட்டு பாசஞ்சரின் கடைசியில் கோத்து, பெரிய அதிகாரி ஒருவர் ரிப்பன் வெட்டி, காலியாகவே ஒரு நடை அனுப்புவது. பிடித்திருந்தால் அவர் வாரா வாரம் ஓட்ட உத்தரவு போடுவார். ஓடினாலும் கயிறு இருக்கும். இதுதான் ஏற்பாடு.

அன்றைக்கு நாதஸ்வரம் ஊதினார்கள். தலைவர் பேசத் தொடங்கினார். ரயில் யுகத்தைத் தொடுவதற்கு முன் அவர் கற்காலத்தைக் கடந்தாக வேண்டியிருந்தது. ராஜகோபால், அரக்கு நிறப் புடவையில் வந்து நின்ற மனைவியைப் பார்த்தார். கயிற்றைப் பார்த்தார். பிறகு தோளிலிருந்த துண்டை எடுத்துச் சுருட்டி, திறந்திருந்த ஜன்னல் வழியாக, கயிற்றுக்கு மேலாக, இருக்கையில் வீசினார்.

அவர் நினைத்தது ஒரே ஒரு இடம். ஆனால் அது பல்லாவரம் சந்தை நாள். சந்தை முடிந்து ஊர் திரும்ப மூட்டையும் முடிச்சுமாக நடைமேடையில் நின்ற கூட்டம், அதுவரை அந்தப் பளபளப்பான பெட்டியை ஏதோ கல்யாண வண்டி என்றுதான் ஒதுங்கி நின்று பார்த்துக்கொண்டிருந்தது. துண்டு பறந்ததும் சந்தேகம் தீர்ந்துபோயிற்று. கைக்குட்டை, செய்தித்தாள், முருங்கைக்காய்க் கட்டு, ஒரு ஒற்றைச் செருப்பு, எல்லாம் ஜன்னல் வழியே போய் விழுந்தன. வாசலில் ரிப்பன் இருந்தபடியால் ஜனங்கள் மரியாதையாகத் தண்டவாளத்தில் இறங்கி மறுபக்க வாசலில் ஏறினார்கள். ரிப்பனுக்கு ஒரு சேதமும் இல்லை.

கைதட்டலுக்கு நடுவே அதிகாரி ரிப்பனை வெட்டிக் கதவைத் திறந்தார். உள்ளே பூக்கூடையோடு அஞ்சம்மாள் என்கிற பூக்காரி குந்தியிருந்தாள்.

"எடமில்ல சார். முன்னாடி பொட்டில பாரு."

அதிகாரி முன்னாலும் போகவில்லை, உள்ளேயும் போகவில்லை. கார் இருக்குமிடத்துக்குப் போனார். கூட்டத்தை இறக்கிவிடவென்று உள்ளே பாய்ந்த தலைவரை, பின்னால் ஏறியவர்கள் நெருக்கிக்கொண்டுபோய் ஒரு ஜன்னலோரத்தில் உட்கார்த்திவிட்டார்கள். அவிழ்ந்து கிடந்த வெல்வெட் கயிற்றால் அஞ்சம்மாள் கூடையை இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தாள். வண்டி நகர்ந்தது.

பெருங்களத்தூருக்கு முன்பே ராஜகோபால் மனைவியை நெட்டித் தள்ளிக்கொண்டு வந்து சேர்ந்தார்.

"சார், நீங்க குந்திகினு கீறது எங்க துண்டு மேல."

தலைவர் குனிந்து பார்த்தார். துண்டுதான். மூன்று வருஷமாக விதி விதி என்று சொல்லி வந்தவர். இந்த விதியை எந்தக் கமிட்டியும் எழுதவில்லை. ஆனாலும் அவர் காலேஜுக்குப் போன நாளிலேயே அதற்குக் கட்டுப்பட்டிருந்தார். எழுந்துவிட்டார்.

சாமுண்டீஸ்வரி உட்கார்ந்தாள். மரச்சட்டத்தை ஒரு தடவை தடவிப் பார்த்துவிட்டு வெளியே திரும்பிக்கொண்டாள். வண்டலூர் மலை வந்து போயிற்று. காற்றில் நெற்றி முடி பறந்தது. அவள் அதை ஒதுக்கவில்லை. ராஜகோபால் தண்டவாளத்தைப் பார்க்கிற பாவனையில் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். தலைவர் மேற்கம்பியைப் பிடித்து ஆடிக்கொண்டு நின்றார். பெட்டி எழுப்பிய சத்தத்தை அவர் அதுவரை கேட்டதில்லை. காலியாக நின்ற பெட்டிக்கு ஏது சத்தம்?

ஊரப்பாக்கம் வரும்போது சாமுண்டீஸ்வரி சற்று நகர்ந்தாள்.

"சார், நின்னுகினே வர்றியே. இப்டி ஒண்டிக்கோ."

நாலு விரற்கடை இடம். தலைவர் அதில் உட்கார்ந்தார். செங்கல்பட்டு வரை அப்படியே வந்தார். அடுத்த கமிட்டியில் கயிறு வேண்டாம், பெட்டி ஓடட்டும் என்று அவரே எழுந்து பேசினார். கற்காலத்தைத் தொடாமலே பேசினார்.

அதற்குள் மேலிடத்து முடிவு வந்துவிட்டது. இந்தப் பெட்டியில் பொதுமக்கள் ஏறிவிடுகிறார்கள். ஆகையால் இது ஓட்டத்துக்குத் தகுதியற்றது. வெளியூர்க் காட்சிக்கூடம் ஒன்றுக்குப் பெட்டி போயிற்று. அங்கே புதுக்கயிறு கட்டினார்கள்.

ராஜகோபால் வீட்டுக்கு வந்து, சாப்பாட்டைக்கூடத் தொடாமல், மனைவியிடம் விஷயத்தைச் சொன்னார். இனி யாரும் அதில் உட்காரப் போவதில்லை, கடைசியாக உட்கார்ந்தவர்களில் அவளும் ஒருத்தி என்றார்.

"போனா போவுது வுடு. கட்டை குத்திச்சு," என்றாள் சாமுண்டீஸ்வரி.