கஸ்பார் வீட்டுக்கு வந்த கதவு

சிறையை மூடியபோது கைதிகளோடு அவரவர் அறைக் கதவையும் வீட்டுக்கு அனுப்பினார்கள். சாவி, யாருக்குத் தீங்கு நடந்ததோ அவர்களிடம் போனது.

கஸ்பாரின் கதவை லாரியிலிருந்து இறக்கி, நிலையோடு அவன் குடிசைக்கு முன்னால் மணலில் நட்டார்கள். இரண்டு பக்கமும் வெட்டவெளி. ஆனாலும் கதவைச் சுற்றிக்கொண்டு யாரும் போகவில்லை. ஆடுகள்கூடத் திறக்கும்வரை நின்றன.

சாவி பிலோமினாவிடம் இருந்தது. அவள் குடும்பத்து மீன்பிடி வள்ளத்தைத்தான் கஸ்பார் கொளுத்தியிருந்தான். வள்ளம் போனபின் அவள் புருசன் சூசை கொச்சிக்குக் கூலிவேலைக்குப் போய்விட்டான். பண்டிகைக்கு மட்டும் வருவான்.

விடிந்ததும் பிலோமினா வந்து கதவைத் திறப்பாள். கஸ்பார் கடற்கரைக்குப் போய் அவளுக்கொரு புது வள்ளம் கட்டுவான். பொழுது சாய்ந்ததும் பூட்டிவிட்டுப் போவாள். இருவரும் பேசிக்கொள்வதில்லை.

ஒருநாள் அவள் வரவில்லை. கஸ்பார் கதவுக்குப் பின்னால் உட்கார்ந்தே இருந்தான். காய்ச்சலில் கிடக்கிறாள் என்று மீன்காரிகள் பேசிக்கொண்டு போனார்கள். அன்று முழுக்க அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் கஞ்சி காய்ச்சித் தூக்குச்சட்டியில் ஊற்றிக்கொண்டான். கதவை நிலையோடு பிடுங்கி, முன்னால் பிடித்தபடி நடந்தான். கனமாகத்தான் இருந்தது. பிலோமினா வீட்டுக்குள் போய் அவள் பாய்க்கு எதிரே நிறுத்தி, தன் பக்கத்திலிருந்து தட்டினான்.

"யாரு?"

"நான்தான்க்கா, கஸ்பாரு. உள்ள இருந்து தட்டுறேன். கஞ்சி கொண்டாந்தேன்."

"வச்சிட்டுப் போ."

"நீங்க தொறந்தாத்தானே வைக்க முடியும்."

அவள் சுவரைப் பிடித்து எழுந்து வந்து திறந்தாள். கஞ்சியைக் கையில் வாங்கியவள் குடிக்காமல் அவனையே பார்த்தாள்.

"அன்னிக்கு ஏன் கொளுத்துன?"

விசாரணையில், குடிபோதையில் செய்ததாகச் சொன்னவன் அவன். இப்போது தலையைக் குனிந்துகொண்டான்.

"உங்க வள்ளம் அலையில ஏறிப் போற அழகு எனக்குப் பொறுக்கலக்கா. என்னுது தள்ளாடிக்கிட்டே போவும்."

பிலோமினாவுக்குக் கண் கலங்கியது. கஞ்சியைக் குடித்தாள்.

"உப்பே போடல நீ" என்றாள். திரும்பப் பாயில் போய்ப் படுத்துக்கொண்டாள். கஸ்பார் கதவைத் திரும்பக் கொண்டுபோய்க் குடிசைக்கு முன்னால் நட்டான். அன்று மாலை அவள் அதைப் பூட்டவில்லை. அதன்பின் என்றைக்குமே பூட்டவில்லை. விடிந்ததும் கஸ்பார் தானாகவே வேலைக்குப் போனான்.

வள்ளம் முடிந்தபோது சூசை கொச்சியிலிருந்து மூட்டையோடு வந்து சேர்ந்தான். பலகைகளைத் தடவிப் பார்த்தான். கஸ்பாரிடம் பீடிக்கட்டை நீட்டினான்.

மூவருமாக வள்ளத்தைக் கரைவரை தள்ளினார்கள். கடல் இன்னும் வந்திருக்கவில்லை. ஈர மணல் மட்டும் வெகுதூரம் கிடந்தது. வள்ளத்து நிழலில் உட்கார்ந்து காத்திருந்தார்கள். வெயில் ஏறியபின் தெற்கே வளைவில் கடல் தெரிந்தது. வேகமாக நடந்துவந்ததில் அதற்கு மூச்சு வாங்கியது.

"வந்திருச்சு" என்று சொல்லி பிலோமினா சேலையை இழுத்துச் செருகினாள்.