தையல்காரர் பூசணி, என் தரை

பதினெட்டு வருஷக் கட்டட வேலையில் என் கைக்குத் தெரிந்தது ஒன்றுதான். மண்ணைக் கண்டால் திமிசுக்கட்டையை எடுத்து இடித்துக் கெட்டியாக்கிவிடும். நகராட்சியின் பொதுத் தோட்டத்தில் எங்களுக்கு ஒரு பாத்தி கிடைத்தது. தக்காளி விதை போட்டேன். போட்ட கையோடு, பழக்கதோஷத்தில், பாத்தி முழுவதையும் இடித்துவிட்டேன். ரசமட்டம் வைத்தும் பார்த்தேன். ஒரு நூல் பிசகவில்லை.

மூன்று மாதமாகியும் ஒரு விதைகூட முளைக்கவில்லை.

அந்தப் பாத்திக்காக இரண்டு வருஷம் மனுவும் கையுமாக அலைந்தவள் என் மனைவி. "இது தோட்டமா, கார் நிறுத்துற இடமா?" என்றாள். "ஞாயித்துக்கிழமை ஆபீசர் வர்றாரு. பயிர் இல்லாத பாத்தியைப் பிடுங்கிடுவாங்க. போச்சுன்னா நீங்களும் இங்கேயே படுத்துக்குங்க. தரை நல்லாத்தான் இருக்கு."

பக்கத்துப் பாத்தி தையல்காரருடையது. அவர் பூசணிக்கொடி வரப்பைத் தாண்டி வந்து, என் தரை நடுவில் ஒரு காயை வைத்திருந்தது. சேறு படாமல் மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தது. தையல்காரர் தினமும் டேப் வைத்து அளப்பார். "இடுப்பு முப்பத்தாறு!" என்று பூரிப்பார்.

ஞாயிற்றுக்கிழமை ஆபீசர் நோட்டோடு வந்தார்.

"இந்தப் பூசணி யாருது?"

பொய் சொன்னால் தையல்காரர் சட்டையைப் பிடிப்பார். உண்மையைச் சொன்னால் வீட்டில் சோறு கிடையாது.

"என்னுதுங்க சார்!" தையல்காரர் பாய்ந்து வந்தார். "பெத்த பிள்ளை மாதிரி வளர்த்தேன்."

"அப்போ அடுத்தவர் பாத்தியை ஆக்கிரமிச்சிருக்கீங்க. உங்க பாத்தி ரத்து."

தையல்காரர் முகம் கசங்கிய துணியானது. "அதாவது சார்... வளர்க்க ஒத்தாசை பண்ணினேன். பூசணி அண்ணனோடது."

சொல்லிக்கொண்டே, கொடி வரப்பைத் தாண்டும் இடத்தில் காலை அகட்டி நின்று மறைத்துக்கொண்டார்.

"அப்படியா?" ஆபீசர் என்னைப் பார்த்தார்.

"ஆமாங்க" என்றாள் என் மனைவி.

ஆபீசர் குனிந்து காயைத் தடவினார். "அடியில கொஞ்சம்கூட அழுகலே! தரையை இப்படிப் பண்ண எங்கே கத்துக்கிட்டீங்க?"

"பதினெட்டு வருஷ அனுபவம் சார்." அதில் பொய்யில்லை.

நோட்டில் 'பயிர் உண்டு' என்று எழுதிக்கொண்டு போனார்.

"அண்ணே, காய் எனக்குத்தானே?" தையல்காரர் பூசணியைக் கட்டிக்கொண்டார்.

"பாதி உங்களுக்கு" என்றாள் என் மனைவி. "வேர் உங்க பக்கம் இருக்கு, தண்ணி நீங்களே ஊத்துங்கண்ணா." பிறகு மண்வெட்டியை என் கையில் திணித்தாள்.

அன்றிலிருந்து கொத்துகிறேன். லேசில் உடைகிறதா? தரை போட்டவன் யாரோ, சும்மா சொல்லக் கூடாது, நல்ல வேலைக்காரன்.