இழுத்துப் பார்க்காத குச்சி

எங்கள் பிரிவு ஒரு மரத்தில் முட்டிக்கொண்டு நின்றது. கட்டில், பீரோ, ஃபிரிட்ஜ் எல்லாவற்றையும் ஒரே மாலையில் பேசி முடித்துவிட்டோம். பேசியது நான், தலையாட்டியது என் வீட்டுக்காரர். பால்கனியில் இருந்த முழ உயரப் போன்சாயின் பேச்சு வந்ததும்தான், "அது என்னோடது" என்று இருவரும் ஒரே நேரத்தில் சொன்னோம். இத்தனை வருஷத்தில் நாங்கள் சேர்ந்து சொன்ன ஒரே வாக்கியம் அதுவாகத்தான் இருக்கும்.

வாங்கியது நான். தண்ணீர் ஊற்றியது அவர். இரண்டுமே உண்மை.

பிரியலாம் என்று சொன்னதும் நான்தான். அவர் குடிக்கவில்லை, அடிக்கவில்லை, வேறு யாரையும் தேடிப் போகவில்லை. பேசமாட்டார், அவ்வளவுதான். லிஃப்ட் மெக்கானிக். பாதி மாடியில் மாட்டிக்கொண்டு அலறுகிறவர்களிடம் வெளியே நின்று ஒரே நிதானத்தில் பேசி இறக்கிவிடுவார். அந்த நிதானம் அங்கே சரி. வீட்டில் நான் அலறினாலும் அதே முகம். கல்லுளிமங்கன் என்று என் அக்காவிடம் எத்தனை முறை சொல்லியிருப்பேன்! நானோ கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவள். கை சும்மா இருந்தால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும். அடுப்பில் பால் வைத்தால் பொங்கும் வரை மூடியை நாலு தடவை திறந்து பார்க்கிற ஜாதி.

அக்காதான் போனில் வழி சொன்னாள். "ஒரு செடிக்கா ரெண்டு பேரும் மல்லுக்கட்டுறீங்க? ஒரு குச்சிய வெட்டி நட்டா ரெண்டாயிட்டுப் போகுது."

அவரிடம் சொன்னேன். வழக்கம்போல மறுநாள்தான் பதில் வந்தது.

"சரி. பெரிய மரம் உனக்கு. குச்சி வேர் விட்டதும் அத எடுத்துக்கிட்டு நான் கிளம்புறேன்."

"வேர் விட்டதும்?"

"வேர் விட்டதும்."

அன்றிலிருந்து அவர் படுக்கை ஹாலுக்குப் போனது. எனக்கு அந்தக் குச்சி நாளைக்கே வேர் விட வேண்டும்.

ஆனால் அது என்ன மரம் என்றே எங்களுக்குச் சரியாகத் தெரியாது. மரம் தெரிந்தால்தானே எதை, எப்போது வெட்டுவது என்று தெரியும்? விற்றவன் எல்ம் என்று ஏதோ குளிர்தேசத்து மரத்தின் பெயரைச் சொல்லியிருந்தான். அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு, குளிர் வந்தால் எல்முக்கு நல்லது என்று அவர் வருஷா வருஷம் அதை வெளியிலேயே விட்டுவைப்பார். அதுவும் வருஷா வருஷம் இலையைக் கொட்டிவிட்டு நோயாளி மாதிரி நிற்கும்.

நான் கடையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்து வந்து, போனில் தேடிய மரப் படங்களோடு ஒத்துப் பார்த்தேன். எல்ம் இலை குச்சியின் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று மாறி மாறி வரும்; அடிப்பக்கம் ஒரு தோள் ஏறி, ஒரு தோள் இறங்கி இருக்கும். இதில் இலைகள் ஏறக்குறைய எதிரெதிரே ஜோடியாக நின்றன. சின்ன இலை, எண்ணெய் தடவியது போல மினுமினுப்பு. புதுத் துளிரில் செம்பு நிறம். பட்டை தேமல் விழுந்த தோல் மாதிரி, உரிந்த இடமெல்லாம் வெளிறி, மற்ற இடமெல்லாம் பழுப்பாக இருந்தது. உள்கிளை ஒன்றில், இலைக்கு அடியில், மிளகளவுக்குக் கருநீலமாக ஒரு பழம்.

"எல்முல ஏதுங்க பழம்? இது ஸ்வீட் பிளம்," என்றேன். பறித்து வாயில் போட்டுக்கொண்டேன்.

அவர் முகம் வெளுத்ததை அன்றுதான் பார்த்தேன். "விஷமா இருந்தா?"

"செத்தா மரம் உங்களுக்கு."

இனிப்புதான். கொஞ்சம் துவர்ப்பும் இருந்தது. குளிர் ஆகாத மரத்தை இத்தனை காலம் குளிரில் நிறுத்தியிருக்கிறோம். அவர் தொட்டியைத் தூக்கி உள்ளே ஜன்னலோரம் வைத்தார்.

முதல் தடவை நான்தான் நட்டேன். அந்த வருஷத்துத் தளிரில், ரொம்ப இளசும் இல்லாமல் முற்றவும் முற்றாமல் விரல் நீளக் குச்சிகளாகப் பார்த்து, கணுவுக்குக் கீழே வெட்டி, அடி இலைகளைக் கிள்ளி, வேர் பிடிக்க வைக்கும் பொடியில் தோய்த்து, ஈர மணலில் குத்தி, மேலே பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்தேன். அதுவரை எல்லாம் சரி. அதற்கப்புறம்தான் என் கை சும்மா இருக்கவில்லை. காலையில் ஒரு குச்சியை லேசாக இழுத்துப் பார்ப்பேன், பிடிப்பு வந்திருக்கிறதா என்று. சாயங்காலம் கடையிலிருந்து வந்ததும் செருப்பைக் கூடக் கழற்றாமல் இன்னொன்று. அத்தனையும் கறுத்துப் போயின.

இரண்டாவது தடவை நாசூக்காக இருக்கிறேன் என்று, மூக்குக்கண்ணாடி ஸ்குரூ எடுக்கிற இடுக்கியால் தூக்கிப் பார்த்தேன். அதுவும் போயிற்று. ஒன்றின் அடியில் மட்டும் நூல் போல ஒரு வெள்ளை முளை, முறிந்து தொங்கிக்கொண்டிருந்தது. நான் முறித்ததுதான். அவர் அதை விரலில் வைத்துப் பார்த்தார்.

"இழுத்துப் பாத்தியா?"

"லேசாத்தான்."

"பதறாத காரியம் சிதறாது."

"நீங்க பதறாம இருந்ததுல நம்ம காரியம் எது சிதறாம இருக்கு, சொல்லுங்க?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் சமையலறைக்குப் போய்விட்டேன்.

மூன்றாவது தடவை அவர் நட்டார். ஒரே குச்சி. அடியில் ஓட்டை போட்ட கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் கப்பில் வைத்து, வேருக்கு வெளிச்சம் ஆகாது என்று சுற்றிலும் கறுப்புத் தாள் ஒட்டினார். "தண்ணி மட்டும் தெளி. தொடாதே," என்றார். சத்தியம் பண்ணிக் கொடுத்தேன்.

சத்தியம் பண்ணுவது சுலபம். கை என்ன செய்யும்? சாயங்காலங்களில் அந்தக் கப்புக்கு எதிரே நாற்காலியைப் போட்டு, கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். கால் மட்டும் தறி மிதிக்கும். அவரும் வந்து உட்கார ஆரம்பித்தார். ஒருநாள் சும்மா கேட்டேன், இன்னைக்கு லிஃப்டில் யார் மாட்டினார்கள் என்று. எழுந்து போக வழியில்லை, குச்சியை விட்டுப் போனால் மனசு கேட்காது. அதனால் இருந்தேன். கொஞ்ச நேரம் கழித்துப் பதில் வந்தது. கல்யாண மாப்பிள்ளை ஒருத்தன் மாட்டிக்கொண்டானாம், கதவு திறந்ததும் "இன்னும் அஞ்சு நிமிஷம் இருந்துக்கவா?" என்று கேட்டானாம். நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. இவர் எனக்குப் பதில் சொல்கிற ஆள்தான். அது வந்து சேருவதற்குள் நான்தான் அடுத்த அறைக்குப் போயிருக்கிறேன். இது தெரிந்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது, அவர் மேல் கோபமாகவும் இருந்தது.

நேற்று தண்ணீர் தெளிக்கும்போது ஈரத்தில் பசை விட்டு, கறுப்புத் தாள் தானாக நழுவி விழுந்தது. நான் உரிக்கவில்லை, சத்தியம். உள்ளே கப்பின் சுவரெல்லாம் வெள்ளை வேர். அடியில் இடம் போதாமல் சுற்றிச் சுற்றி வளைந்திருந்தது. இது ஓரிரு நாளில் வந்த வேர் இல்லை.

அவர் வேலைப் பையோடு உள்ளே வந்தார். நான் கப்பைத் தூக்கிக் காட்டினேன்.

"இது எப்ப வந்த வேருங்க?"

பதில் இல்லை. என் கால் ஆடியது. நின்றேன். போகவில்லை.

"போன மாசமே வந்துடுச்சு," என்றார். "தாள உரிச்சுப் பாத்துட்டு, திரும்ப ஒட்டி வச்சேன்."

"ஏன் சொல்லல?"

மறுபடியும் நின்றேன். பையைக் கீழே வைத்தார். கையைத் துடைத்தார்.

"சொன்னா கிளம்பணுமே."

"வேர் விட்டதும் போறேன்னு சொன்னது நீங்கதானே?"

"நீ போகச் சொன்ன. சீக்கிரம் ஆகாத வழியாப் பாத்து நான் ஒண்ணு சொன்னேன்."

நன்றாகத் திட்ட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்தது. போ என்று சொன்ன வாய் என்னுடையது. போய்விடுவாரோ என்று அடித்துக்கொண்ட நெஞ்சும் என்னுடையதுதான். மூக்கைத் துடைத்துக்கொண்டு கத்தினேன்.

"ஒரே ஒரு கன்னு! இது நாளைக்கே வாடிப்போச்சுன்னா? ஒத்தக் குச்சிய நம்பி யாராவது குடித்தனத்தப் பிரிப்பாங்களா? இன்னும் நாலு வெட்டி வைங்க!"

"நாலு போதுமா?" என்று கேட்டார். உடனே கேட்டார்.