ஏழாம் கூண்டுத் தண்ணீர்

ஆராய்ச்சிக்கூடத்தின் ஸ்கேன் அறைக்குள் போகுமுன், முயல் கூண்டுகளைப் பார்த்துக்கொள்ளும் செவ்வந்தி மெட்டியைக் கழற்றி முந்தானையில் முடிந்தாள். உள்ளே இருப்பது பெரிய காந்தம். மெட்டி வெள்ளிதான், ஆனாலும் சட்டம் சட்டம்தான். மயக்க ஊசியில் துவண்டு கிடந்த ஏழாம் நம்பர் முயலைப் படுக்கவைத்துவிட்டு வெளியே வந்தாள்.

பன்னிரண்டு முயல்களுக்கும் மூட்டுத் தேய்மானத்தை வரவழைத்திருந்தார்கள். ஆறுக்கு மருந்து, ஆறுக்கு வெறும் உப்புத்தண்ணீர் ஊசி. ஒப்பிட்டால்தான் மருந்தின் யோக்கியதை தெரியுமாம். ஏழு, மருந்தில்லாத கூட்டம். ஆரம்பத்தில் எல்லாவற்றையும்விட அதிகமாக நொண்டியதும் அதுதான். அது காலை இழுத்துக்கொண்டு தீவனத்துக்கு வருவதைப் பார்த்துச் செவ்வந்தி தட்டை அதன் பக்கம் நகர்த்தி வைப்பாள். அவளுடைய ஜவ்வாது மலையில் முட்டி வலி என்றால் பாறையில் படரும் முடவாட்டுக்கால் கிழங்கைத் தேடிப் போவார்கள். வாயில்லா ஜீவன் மட்டும் என்ன பாவம் செய்தது? வாராவாரம் ஊருக்குப் போய்விட்டு பஸ்ஸில் வந்து இறங்கும்போது மடியில் ஒரு துண்டு கிழங்கு வரும். வேகவைத்த தண்ணீரை மூன்று மாதமாக ஏழின் பாட்டிலில் ஊற்றினாள். தப்பு என்று ஒருநாளும் தோன்றவில்லை. பசித்தவருக்குச் சோறு போட யாராவது அனுமதி கேட்பார்களா?

கணினியில் ஏழின் முட்டி தெரிந்ததும் ஆராய்ச்சியாளர் கோகுலகிருஷ்ணன் நாற்காலியை முன்னால் இழுத்தார்.

"இன்னா இது? ஜவ்வு தேயவே இல்லியே!"

ஊசி போடும் அமுதவல்லியைக் கூப்பிட்டார். "கூண்டு மாத்திப் போட்டுட்டியா? மூணு மாச வேலை மண்ணாப் போச்சே."

"இல்லீங்க சார், நம்பர் பாத்துதான் போடுறேன்."

"அப்போ மருந்து எப்டி உள்ள போச்சி? நாளைலேர்ந்து வராத."

அமுதவல்லி கையிலிருந்த ஊசித் தட்டை மேசைமேல் வைத்தாள். அவள் சம்பளத்தில்தான் கண்ணமங்கலத்தில் அடுப்பெரிகிறது. செவ்வந்தி வீட்டிலும் அதே கதைதான். வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்குத் தெரியப்போகிறது? பாழாய்ப்போன மனசு கேட்க வேண்டுமே.

"அவ மேல தப்பில்லீங்க. நான்தான் கெழங்குத் தண்ணி குடுத்தேன்."

கோகுலகிருஷ்ணன் கண்ணாடியைக் கழற்றினார். "எத்தினி மொயலுக்கு?"

"இது ஒண்ணுக்குத்தாங்க. அவ்ளோதான் கெடைக்கும்."

"ஒண்ண வெச்சி ஒண்ணும் சொல்ல முடியாதும்மா. தானாவே தேயாம இருந்திருக்கலாம்." பட்டியலில் ஏழாம் நம்பரை அடித்தார். "நடந்தத எழுதிக் குடுத்துட்டுப் போங்க. மேல இன்னா சொல்றாங்களோ பாக்கலாம். அமுதவல்லி, நீ போய் வேலையப் பாரும்மா."

செவ்வந்தி எழுதிக் கையெழுத்துப் போட்டாள். மெட்டியை மறுபடி மாட்டிக்கொண்டு கூண்டுகளுக்குத் தண்ணீர் வைக்கப் போனாள். மடியில் கிழங்கு உறுத்தியது. தொடவில்லை. ஏழின் பாட்டிலில் குழாய்த் தண்ணீரையே பிடித்து மாட்டினாள்.

மயக்கம் தெளிந்த ஏழு தத்தித் தத்தி வந்தது. மூக்கைத் துறுதுறுவென்று ஆட்டிப் பாட்டிலை முகர்ந்தது. குடிக்கவில்லை. கம்பியோரம் உட்கார்ந்து அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தது.